அவர் காணாத சிறுத்தை

என் பேத்தியிடம் ஒரு மனிதரைப் பற்றிப் பொய் சொன்னேன். அவரும் மனைவியும் ஆபிரிக்காவின் தெற்கே, நமீபியாவிலும் போட்ஸ்வானாவிலும், தாங்களே கார் ஓட்டிக்கொண்டு போய் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் பார்த்துவிட்டு வந்தவர்கள். அவர்கள் அங்கே எதையும் பார்க்கவில்லை, மகன் வீட்டில் இருந்து தொலைக்காட்சியில் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள் என்று அவளிடம் சொன்னேன். அவர்கள் பார்த்தது எனக்கு நன்றாகத் தெரியும். சொல்லும்போதே பொய் என்று தெரியும். பொறாமையில் சொன்னேன். வேறு காரணம் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

அவருடைய பெயரை விட்டுவிடுகிறேன். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் பழைய ஆட்களுக்கு அவரைத் தெரியும். நீண்ட காலம் விமான டிக்கெட் விற்கும் கடை வைத்திருந்தார். கொழும்புக்கும் சென்னைக்கும் ரொறன்ரோவுக்கும் நம்மவர்களை அனுப்பியவர். தான் மட்டும் எங்கும் போகாதவர். கடையை யாரிடம் விட்டுப் போவது என்பார்.

அவரிடம் டிக்கெட் வாங்கப் போனவர்கள் ஒரு விஷயத்தில் எரிச்சல்பட்டார்கள். ரொறன்ரோவில் இப்போது குளிரா என்று கேட்டால், "நான் போகேல்லை. போயிட்டு வந்தவையைக் கேளுங்கோ" என்பார். துபாயில் விமானம் மாறும் இடத்தில் மரக்கறிச் சாப்பாடு கிடைக்குமா என்றாலும் அதே பதில்தான். பக்கத்துக் கடைக்காரர் எல்லாம் தெரிந்தவர். அவர் எந்த ஊரைப் பற்றியும் அரைமணி நேரம் பேசுவார். அதனால் சிலர் அங்கே போனார்கள். இவர் கவலைப்படவில்லை. கண்ணால் காணாததைச் சொல்வது இவருக்கு ஒத்துவராது. செருப்பைக் கால் மாறிப் போட்டவர் போல நெளிவார்.

கடையை விற்று ஓய்வெடுத்த பிறகு, நமீபியாவில் வேலை செய்த மகன் அவர்களைக் கூப்பிட்டான். மகனுக்கு விடுமுறை கிடைக்கவில்லை. தன் காரைக் கொடுத்து, தங்குமிடங்களை ஒழுங்கு செய்து, வழியைச் சொல்லி அனுப்பிவிட்டான். வெள்ளை உப்புத் தரை பரந்து கிடக்கும் எத்தோஷா காட்டுக்குள் போய், அங்கிருந்து கிழக்கே நீண்ட காட்டுப் பாதையால் போட்ஸ்வானாவின் சோபே ஆற்றுக்கரை வரை இருவரும் தனியே ஓடினார்கள். யாழ்ப்பாணத்தை விட்ட பிறகு முதல்முறையாக இடப்பக்கத்தில் கார் ஓட்டினாராம். பாரிஸ் கார்ப் பழக்கத்தில், திரும்பும் இடங்களில் எல்லாம் சிக்னல் போடுவதாக நினைத்து மழைத்துடைப்பானை ஆட்டிவிட்டிருக்கிறார். ஒரு மேகம்கூட இல்லாத பாலைவனத்தில் ஒரு கார் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் திரும்புவதைப் பார்த்து, எதிரே வந்த லொறிக்காரர்கள் கை காட்டிச் சிரித்தார்களாம்.

இதையெல்லாம் சனிக்கிழமைகளில் கேட்டோம். பிள்ளைகளின் தமிழ் வகுப்பு முடிந்ததும், கூட்டிப்போக வந்த தாத்தா பாட்டிகள் பக்கத்து உணவகத்தின் பின்பக்கத்து மேசைகளில் உட்காருவோம். பிள்ளைகளுக்கு ரோல்ஸ், எங்களுக்குத் தேநீர். அவர்கள் தங்கள் பேரனுக்காகப் புறநகரான பியர்ஃபித்தில் இருந்து வருவார்கள். நான் ஆரணிக்காக வருவேன். என் மகளின் மகள். அப்போது அவளுக்கு எட்டு வயது.

அவர் கதை சொல்வதைக் கதை என்றே சொல்ல முடியாது. மற்றவர்கள் பயணம் போய்வந்தால் கண்டதைச் சொல்வார்கள். இவர் காணாததையும் சேர்த்துச் சொல்வார். எத்தோஷாவில் சிங்கம் பார்த்தீர்களா என்று ஒரு பையன் கேட்டான். "சிங்கத்தை நான் காணேல்லை. அது படுத்துக் கிடந்த புல்லைத்தான் கண்டனான். புல்லு இன்னும் நிமிரேல்லை" என்றார். பையன்களுக்குச் சிங்கத்தை விட அந்தப் புல் பிடித்துப்போனது. எவ்வளவு நீளம், வாலின் அடையாளமும் இருந்ததா என்று துளைத்தார்கள். வாலின் அடையாளம் இருந்ததா என்று தான் கவனிக்கவில்லை என்று வருத்தப்பட்டார்.

படங்களும் அப்படியே. அவருடைய கைபேசியில் வெறும் இடங்களே இருந்தன. ஒரு மரம், ஒரு நீர்க்குட்டை, வளைந்து போகும் மண் வீதி. "இதிலைதான் நிண்டது" என்று விரலை வைப்பார். மிருகம் நிற்கும்போது மனைவி பார்த்துக்கொண்டிருப்பார். அப்போது குறுக்கே கையை நீட்டிப் படம் எடுக்க அவருக்கு மனம் வராது. அது போன பிறகு எடுப்பார்.

அவருடைய இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். எனக்கு நோவு அங்கேதான் தொடங்கியது. மனைவி கண்டதை அவர் சொல்ல மாட்டார். அந்த இடம் வந்ததும் பேச்சை நிறுத்தி, "இது இவ கண்டது" என்று மனைவி பக்கம் திரும்புவார். மனைவி தேநீர்க் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டுத் தொடங்குவார். எனக்கு அப்படி நிறுத்தித் திரும்பிப் பார்க்க ஆளில்லை. என் மனைவி காலமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஓய்வெடுத்த பிறகு எங்கேயாவது போவோம் என்று அவளுக்கும் சொல்லியிருந்தேன்.

யானைக் கதை மனைவியினுடையது. கிழக்கே போகும் பாதையில் ஒரு யானை வீதியை மறித்து நின்றிருக்கிறது. அவர் காரை நிறுத்திவிட்டார். மனைவி ஆசனப்பட்டியைக் கழற்றி, காலில் இருந்த செருப்பையும் கழற்றி, நெற்றிப்பொட்டில் குட்டிக் கும்பிட்டாராம். ஊரில் முறிகண்டிப் பிள்ளையாரைத் தாண்டிப் போகிற எந்த வாகனமும் நின்று கும்பிடாமல் போவதில்லை, இங்கே பிள்ளையாரே வீதிக்கு வந்து நிற்கிறார், கும்பிடாமல் எப்படிப் போவது என்று அவர் நியாயம் சொன்னார். பின்னால் வந்த ஜெர்மன்காரர் ஒருவர் ஹோர்ன் அடிக்க, மனைவியே கண்ணாடியை இறக்கித் தமிழில் ஏசினாராம். "பிள்ளையார் எப்ப போறாரோ அப்ப போவம், பேசாமல் இருமப்பா எண்டனான்." ஜெர்மன்காரருக்கு என்ன விளங்கியதோ, பிறகு சத்தம் இல்லை.

பிள்ளைகள் எல்லோரும் குட்டிக் கும்பிட்டுப் பார்த்தார்கள். ஆரணியும் குட்டினாள். அவளை எத்தனையோ முறை கோவிலுக்குக் கூட்டிப்போய்க் குட்டச் சொல்லியிருக்கிறேன். ஒரு நாளும் குட்டாதவள்.

என் பொறாமைக்கு ஒரு படிப்பும் இருந்தது. ஊரில் நான் புவியியல் ஆசிரியர். இங்கே வந்து பண்டசாலையில் பெட்டி அடுக்கியே ஓய்வுபெற்றேன். ஆனாலும் எல்லோரும் மாஸ்டர் என்றே கூப்பிடுவார்கள். கலகாரிப் பாலைவனத்தைக் கரும்பலகையில் வரைந்து பழகிய கை இது. ஒகவாங்கோ ஆறு கடலைத் தேடாமல் மணலுக்குள் போய் முடிவதை வண்ணச் சோக்கால் வருடா வருடம் வரைந்து காட்டியிருக்கிறேன். அந்த ஆற்றைக் கடந்து இவர் போயிருக்கிறார். ஆற்றின் பெயர்கூட நினைவில் இல்லை. பாலம் ஒன்று வந்தது, கீழே தண்ணீர் பச்சையாக இருந்தது என்கிறார். எனக்குச் சேர வேண்டியதை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். யார் கொடுத்தார்கள்? பொறாமைக்கு அந்தக் கேள்வி வருவதில்லை.

அவரை மடக்கப் பார்த்தேன். அங்கே மழை எந்த மாதம், அந்த உப்புத் தரை எப்படி உண்டானது என்று பிள்ளைகளுக்கு முன்னால் கேட்டேன். "எனக்குத் தெரியாது மாஸ்டர். நீங்கள் படிப்பிச்ச ஆள், சொல்லுங்கோ" என்று கதிரையை நகர்த்தி எனக்கு இடம் விட்டார். கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்க ஆசைப்பட்டார். நான் சொன்னேன். வறண்ட ஏரிகள், ஆவியாதல், எல்லாம் சரியாகச் சொன்னேன். பிள்ளைகள் ரோல்ஸுக்குள் இருந்த மிளகைப் பொறுக்கத் தொடங்கினார்கள். அவர் ஒருவர்தான் கேட்டார்.

ஆனால் என்னை அந்தப் பொய் வரை கொண்டுபோனது சிறுத்தை.

அதைக் கண்டது மனைவி மட்டும். சோபே ஆற்றுப் பக்கம் மாலையில், கணவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டதால் காரை ஓரம் கட்டியிருக்கிறார்கள். அவர் குனிந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மனைவியின் பக்கத்துப் பற்றைக்குள் இருந்து ஒரு சிறுத்தை வந்தது. வாயில் குட்டி. கதவுக்கும் அதற்கும் இடையில் ஒரு பாய் விரிக்கும் அகலம்தான். நின்று மனைவியைப் பார்த்தது. குட்டியின் பின்னங்கால்கள் ஆடிக்கொண்டிருந்தன. பிறகு காரின் பின்பக்கத்தால் போய்விட்டது. ஏன் கணவரைக் கூப்பிடவில்லை என்று பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் கேட்பார்கள். அவரும் ஒவ்வொரு முறையும் அதே சொற்களில் சொல்வார்: "வாயைத் திறந்தா அதுவும் வாயைத் திறந்து குட்டியை விட்டிடும் எண்டு நினைச்சன்."

கணவர் பக்கத்தில் இருந்து தலையாட்டுவார். எத்தனை முறை கேட்டிருப்பாரோ, முதல்முறை கேட்பவர் போல முகம் மலரும். தான் தவறவிட்டதைப் பற்றித் துளி வருத்தம் கிடையாது. அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

மனைவிக்குப் பிரெஞ்சு அதிகம் வராது. அதனால் பிள்ளைகள் அவரிடம் தமிழில்தான் கேட்க வேண்டும். நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லும் ஆரணி, சிறுத்தையின் குட்டிக்குப் பெயர் உண்டா, அது அழுததா என்று ஒவ்வொரு தமிழ்ச் சொல்லாகத் தேடிப் பிடித்து அவரிடம் கேட்டாள். வீட்டுக்குப் போகும்போது மெத்ரோவில் என்னிடம் பிரெஞ்சில் கேட்டாள்: "அம்மப்பா, நீங்கள் ஏன் ஒரு இடத்துக்கும் போகவில்லை?"

அப்போதுதான் சொன்னேன். மெத்ரோ இரைச்சலில் அவள் காதருகே குனிந்து சொன்னேன். மாஸ்டர் சொன்னால் யாரும் நம்புவார்கள் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை பிள்ளைகள் சிறுத்தையைக் கேட்டார்கள். மனைவி கோப்பையைத் தள்ளிவைத்தார். ஆரணி எழுந்து அவரைப் பார்த்து நின்றாள்.

"அம்மம்மா, நீங்கள் அங்கை ஒண்டையும் பாக்கேல்லை, டீவியிலைதான் பாத்தனீங்கள் எண்டு அம்மப்பா சொன்னவர். உண்மையோ?"

அதுவரை அவள் பேசிய தமிழிலேயே நீளமான வாக்கியம் அது. பிழை ஒன்றும் இல்லை. அவள் குற்றம் சாட்டவில்லை. உண்மை எது என்று கேட்டாள், அவ்வளவுதான்.

மனைவி கணவர் பக்கம் திரும்பினார். "இஞ்சாருங்கோ, நாங்கள் போகேல்லையே?"

நல்ல பதிலடி என்று நினைத்து எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும் தப்பித்தேன் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மனைவியின் மணிக்கட்டைப் பிடித்து, "போனனாங்கள்" என்றார். மனைவிக்கும் பக்கத்தில் இருந்த எனக்கும் மட்டும் கேட்கும் குரலில். பிறகு மேசையில் சிந்தியிருந்த துகள்களைக் கையால் கூட்டித் தட்டில் போட்டுவிட்டு, ட்ராமுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார். என் பக்கம் பார்க்கவே இல்லை.

அதன் பிறகு அவர்கள் வரவில்லை. பேரனை வேறு யாரோ வந்து கூட்டிப்போனார்கள். சனிக்கிழமை மேசையில் இப்போது நான் பேசலாம். இடம் இருந்தது. கேட்க ஆளில்லை. பிள்ளைகள் ரோல்ஸைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள்.

குளிர்காலம் முடியும் நேரம், லாச்சப்பல் மரக்கறிக் கடையில் அவரைத் தனியே கண்டேன். முருங்கைக்காய் வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒதுங்கிப் போயிருக்கலாம். போகவில்லை. தங்கச்சி எப்படி என்று மனைவியைப் பற்றிக் கேட்டேன். மறதி நோய் என்று மருத்துவர்கள் சொல்லியிருக்கிறார்கள் என்றார். வீட்டை விட்டு அதிகம் வெளியே வருவதில்லையாம்.

நான் கடைவாசலிலேயே தொடங்கினேன். அந்தப் பொய், அதற்குக் காரணம், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முருங்கைக்காயைக் கையில் வைத்தபடி கேட்டார். முடிந்ததும் சொன்னார்:

"கோபம் இல்லையெண்டு சொல்லமாட்டன் மாஸ்டர். இருக்கு. இந்த மறதி வருத்தம் உங்கடை கதையாலை வரேல்லை, அது வாறதுதான். ஆனா போனனாங்களோ எண்டு அவ என்னட்டைக் கேட்டது அண்டைக்குத்தான் முதல்தரம்."

இப்போது மனைவி தினமும் கேட்கிறாராம். அவர் தினமும் தன் பங்கைச் சொல்கிறார். மழைத்துடைப்பான், புல், வெள்ளைத் தரை. மனைவி கேட்டுக்கொண்டிருப்பார். சிறுத்தையைச் சொல்வதில்லையா என்று கேட்டேன்.

"ஒருக்காச் சொல்லிப் பாத்தன். நீங்கள் கண்டனீங்களோ எண்டு கேட்டா. இல்லை எண்டன். அப்ப விடுங்கோ எண்டிட்டா."

முருங்கைக்காயைக் கூடையில் போட்டார். அந்தச் சிறுத்தை இப்போது யாரிடமும் இல்லை என்று எனக்கு விளங்கியது. கண்டவருக்கு நினைவில்லை. பக்கத்தில் இருந்தவர் காணவில்லை.

"தம்பி, நான் சொல்லட்டோ?" என்றேன். "அவ சொன்னது ஒரு சொல் விடாமல் எனக்குத் தெரியும்."

அது உண்மை. பொறாமையோடு கேட்டவன் எதையும் மறப்பதில்லை. பிள்ளைகள் மறந்திருப்பார்கள். குட்டியின் கால்கள் ஆடியது முதல் பாயின் அகலம் வரை எனக்குள் அப்படியே இருந்தது.

அவர் இன்னொரு முருங்கைக்காயை எடுத்து வளைத்துப் பார்த்தார். "வாங்கோ. ஆனா நீங்கள் கண்டதெண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ" என்றார்.

போகும் முன் ஆரணியை உட்காரவைத்து, நான் சொன்னது பொய், அவர்கள் உண்மையாகவே பார்த்தார்கள் என்று சொன்னேன். என்னோடு வருகிறாயா என்றும் கேட்டேன். அவள் பிரெஞ்சில் கேட்டாள்: "அப்படியென்றால் எது பொய்? அன்றைக்குச் சொன்னதா, இன்றைக்குச் சொல்வதா?" அன்றைக்குச் சொன்னது என்றேன். தலையாட்டினாள். நம்பியதற்கான தலையாட்டல் இல்லை. வரவும் இல்லை. அந்தக் கேள்வியை இன்றுவரை அவள் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. நான் எதைச் சொன்னாலும் தாயிடம் போய் ஒருமுறை சரிபார்க்கிறாள்.

பியர்ஃபித்தில் அவர்கள் வீடு மூன்றாம் மாடியில். மனைவி என்னைக் கண்டு, "வாங்கோ அண்ணை, இருங்கோ" என்றார். நான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை என்பது தெரிந்தது. ஆனாலும் உபசாரத்தில் குறையில்லை. முதலில் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவருக்கு விளங்கவில்லை. பரவாயில்லை அண்ணை, குடியுங்கோ என்று தேநீரைத் தள்ளினார்.

"தங்கச்சி, நீங்கள் எங்களுக்கு ஒரு கதை சொல்லுறனீங்கள். நீங்கள் கண்ட கதை. அதைத் திருப்பிச் சொல்லுறன், கேளுங்கோ" என்று தொடங்கினேன்.

எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கணவர் பிடித்துக்கொண்ட முழங்காலில் தொடங்கிப் பற்றைக்கு வந்தேன். சிறுத்தை நின்று பார்க்கும் இடத்தில் அவர் கதிரையில் முன்னுக்கு வந்தார். குட்டி என்றதும் கையை வாயில் வைத்துக்கொண்டார். ஏன் கூப்பிடவில்லை என்பதை அவருடைய சொற்களிலேயே சொன்னேன். வாயைத் திறந்தால் அதுவும் திறந்துவிடும் என்று.

"நல்ல காலம், நீங்கள் கூப்பிடேல்லை" என்றார் என்னிடம்.

"நான் இல்லை தங்கச்சி. நீங்கள்தான் கண்டனீங்கள்."

அவர் சிரித்தார். "சும்மா என்னைப் பேய்க்காட்டாதேங்கோ அண்ணை. இவ்வளவு வடிவாச் சொல்லுறியள், காணாமலோ? நீங்கள் குடுத்துவைச்சனீங்கள்."

நான் மறுபடி மறுத்தேன். அவர் முகம் சுருங்கியது. தான் ஏதோ பிழை விட்டுவிட்டோமோ என்று கணவரைப் பார்த்தார். கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிறுத்திக்கொண்டேன்.

மனைவி என் பக்கம் திரும்பி இன்னும் கொஞ்சம் கேட்டார். வெயில் எப்படி, இரவில் பயமில்லையா என்று. கண்களில் ஆசை நிறைந்திருந்தது. நான் சனிக்கிழமைகளில் அந்த மேசையில் இருந்ததும் இதே போலத்தான் இருந்திருக்க வேண்டும். ஒரு வித்தியாசம், அவரிடம் கசப்பு இல்லை. அதைக் கண்டும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

நான் எழுந்தபோது வாசல்வரை வந்தார். "அண்ணை, அடுத்தமுறை அங்கை போகேக்கை எங்களுக்கும் சொல்லுங்கோ. இவரும் ஒரு இடமும் போகாத மனுசன். நாங்களும் வாறம்."

நான் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். ரொறன்ரோவில் குளிரா என்று கேட்டதற்குக்கூடத் தெரியாததைச் சொல்லாத மனிதர், கதவைத் திறந்து பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"சொல்லுறன் எண்டு சொல்லுங்கோ, மாஸ்டர்" என்றார்.

சொன்னேன்.